ஐந்தாம் கண்

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே
ஏழு கண் மதகு.
மே மாதத்தில் ஆறு வெறும் நடைபாதை.
ஆடுகள் குறுக்கே போய்
அக்கரைக் கருவேலங்காயைத் தின்றுவிட்டு
வெயில் சாயத் திரும்பும்.

பலகைகளைக் கழற்றிப் படுகையில் கிடத்தியிருந்தார்கள்.
துரு என்றால் லேசான சிவப்பு இல்லை.
நகம் பட்டால்
நமுத்த அப்பளமாய்ப் பெயர்ந்து வந்தது.

லாரியில் வந்தன மூட்டைகள்.
பிரித்தால் காய்ந்த மாதுளை முத்தை
இடித்து வைத்த நிறம்.
கார்னெட் என்றேன்.
வேம்பையன் வாயில் அது கருநெத்து ஆகிவிட்டது,
அப்புறம் எனக்கும்.

ஆற்று மணலின் கடினம் ஏழு,
இதற்கு ஏழரை என்றேன்.
"ஏழரையா?
அப்ப சனி பிடிச்சது துருவுக்குத்தான்"
என்று முகமூடியை மாட்டிக்கொண்டார்.

அவர் அண்ணன் ஆற்று மணலால் அடித்தவர்.
நாகையில், படகுப் பட்டறையில்,
மூக்கில் ஈரத் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு.
காசம் என்று ஒன்பது மாதம் மாத்திரை தந்தார்கள்.
காசம் இல்லை.
மணல்.
எக்ஸ்ரேயில் மார்கழி விடியல்போல் இருந்ததாம் நெஞ்சு.
வேம்பையன் அதற்குமேல் சொன்னதில்லை,
மூட்டைச் சீட்டை மட்டும்
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான்
குழாயைக் கையில் எடுப்பார்.

ஹாஜா மொய்தீன் கம்ப்ரசரை முடுக்க
நூறு பவுண்டு காற்றில்
கருநெத்து பாயும்.
ஒவ்வொரு மணியும் இரும்பில் ஒரு குழி பறித்து
அந்த அடியிலேயே தானும் உடையும்.
பிளவுக்கோடு இல்லாத கல்;
எப்படி உடைந்தாலும் ஒரு புது விளிம்பு,
முந்தியதைவிடக் கூர்மையாக.
கூட்டி அள்ளி, சலித்து,
மறுபடி தொட்டியில் போடலாம்.
மறுபடியும்.
எத்தனை மறுபடி என்பதுதான்
எனக்குச் சம்பளம் தரும் கேள்வி.

உடைய உடையக் கூர் கூடும், எடை குறையும்.
ஒரு கட்டத்துக்கு மேல்
அது இரும்பைத் தோண்டாது,
தடவிக் கொடுக்கும்.
பளபளப்பு வரும். பெயின்ட் பிடிக்காது.

கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி போட்டு
தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன்.
கழுநீராய்க் கலங்கியது.
ஐந்தாவது சுற்று, ஐந்தாம் கண்ணின் பலகை.
வெள்ளை நாடாவை ஒட்டி, தேய்த்து, உரித்து
அளவுமானியில் வைத்தேன்.
நாற்பத்து நாலு மைக்ரான்.
வேண்டியது ஐம்பது.

புது மூட்டை வர நாலு நாள் என்றார்
ஒப்பந்தக்காரர் அம்பலவாணன்.
மேட்டூர் திறந்தாயிற்று என்றது
யாரோ ஒருவரின் போன்.
வரப்பில் நின்றவர்கள்
என் கையையே பார்த்தார்கள்,
நாற்றங்காலுக்கு உழுது போட்டவர்கள்.
வேம்பையன் முகமூடியைக் கழற்றவில்லை.
கழற்றியிருந்தால் ஒருவேளை.

ஒரே ஓர் இலக்கம்தான் மாற்றினேன்.
ஐம்பத்து நாலு.

தண்ணீர் வந்தது,
முன்னால் நுரையும் செருப்பும்
ஒரு தெர்மாகோல் பெட்டியும் தள்ளிக்கொண்டு.
பூ போட்டார்கள், நெல் போட்டார்கள்.
ஏழு கண்ணும் ஒரே சாம்பல் நிறம்.
ஆய்வாளர் அம்மா என்று
எனக்கும் ஒரு சீப்பு வாழைப்பழம்.

படுகையில் சிந்திக் கிடந்த கருநெத்து
ஒரு சிவந்த கோடாய் நெளிந்து
கலங்கலில் மறைந்தது.
எங்கேயோ ஒரு கடற்கரையிலிருந்து
சாக்கில் வந்தது, இனி ஆற்றோடு
இன்னொரு கடற்கரைக்குப் போகும்.
போகட்டும்.

இரண்டு வருஷம் ஆகிறது.
மன்னார்குடி பஸ் அந்தப் பாலத்தில் ஏறும்போது
எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.
மூன்று, நாலு.
இடது ஓரம், கீழ்ப்பக்கம்,
உள்ளங்கை அளவு.
பாசியாகவும் இருக்கலாம்.